யாகூபின் ஆள் வாசலில் நிற்கிறான்

786

தம்மாம்
12-2-1982

அன்புள்ள மகபூப் பீவிக்கு யாகூப் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இறைவன் கிருபையால் நான் சுகம். நீயும் உம்மாவும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். உம்மாவின் முட்டுவலிக்குத் தைலம் வாங்கி அனுப்பியிருக்கிறேன். சூடு பறக்கத் தேய்த்துவிடு.

ஒரு நல்ல சேதி. வெயிலில் நிற்கிற வேலையிலிருந்து என்னை மாற்றிவிட்டார்கள். அமெரிக்காக்காரர்கள் குடியிருக்கும் காம்பவுண்டுக்குள் அவர்களுக்கென்று ஒரு கிளப் இருக்கிறது, அதில் ஒரு நூலகம். புத்தகங்களைத் துடைத்து அடுக்குவது இப்போது என் வேலை. ஏ.சி. அறை. நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் மேடம் வயதானவர், நல்ல குணம். அவருக்கு ஒரு பழக்கம். புத்தகம் படித்தவர்கள் அதைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தர வேண்டும். அதை வாசல் பலகையில் ஒட்டிவைப்பார். அந்தப் பலகைக்கு முன்னால் எப்போதும் நாலு பேர் நின்று சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

கழித்துப்போட்ட புத்தகங்களில் இரண்டை எனக்குக் கொடுத்தார். "உன் வீட்டில் இங்கிலீஷ் படிப்பார்களா" என்று கேட்டார். என் மனைவி பாளையங்கோட்டையில் பி.ஏ. படித்தவள் என்றேன். அவருக்கு ரொம்பச் சந்தோஷம். அப்படியானால் படித்துவிட்டுக் கருத்து எழுதி அனுப்பச் சொல், இந்தியாவிலிருந்து வந்த கருத்து என்று ஒட்டுகிறேன் என்றார்.

ஒன்று கால்பந்துப் புத்தகம். இன்னொன்று ஏதோ விளையாட்டுக்கு வழி சொல்லும் புத்தகம், அட்டையில் பூதம் மாதிரி ஒரு படம் இருக்கிறது. இரண்டையும் கடையநல்லூர்க்காரர் ஒருவர் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். படித்து, அங்கே மற்றவர்களுக்கும் சொல்லி, அவரவர் கருத்தை நீ எழுதி அனுப்பு. உனக்கும் பொழுது போகும்.

வஸ்ஸலாம்.
உன் யாகூப்

786

சங்கரன்கோவில்
9-3-1982

பாசமுள்ள மச்சானுக்கு மகபூப் பீவி எழுதிக்கொண்டது. வ அலைக்கும் ஸலாம்.

நானும் மாமியும் சுகம். தைலம் வந்தது. மாமி அதை முட்டில் தேய்க்காமல் தலைவலிக்குத் தேய்க்கிறார்கள், குளிர்ச்சியாக இருக்கிறதாம். உங்களுக்கு நிழலில் வேலை கிடைத்ததற்கு மாமி பள்ளிவாசலுக்குச் சர்க்கரை கொடுத்தார்கள்.

புத்தகங்களும் வந்தன. கால்பந்துப் புத்தகத்தை முதலில் பக்கத்துத் தெரு ஏசுவடியான் சாரிடம் காட்டினேன். பெண்கள் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருக்கிறாரே, அவர்தான். இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு வந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எம்மா, இது கால்பந்தே கெடையாது. காலுக்கும் பந்துக்கும் ஒரு சம்பந்தமுமில்ல. ஒருத்தன் பந்தைக் கக்கத்துல இடுக்கிட்டு ஓடுதான். பின்னாலயே பத்துப்பேர் விழுந்து அமுக்குதானுவ. இது சடுகுடும்மா. பாட்டுப் பாடாத சடுகுடு."

படங்களைப் பார்த்த எதிர்வீட்டு சுந்தரம்மாள், "இம்புட்டு உடுப்ப மாட்டிக்கிட்டு எப்படிக்கா ஓடுதாவ, வேர்க்காதா" என்று கேட்டாள். பந்து ஏன் பனங்காய் மாதிரி நீளமாக இருக்கிறது என்று மாமிக்குச் சந்தேகம். மேடத்திடம் கேட்டு எழுதுங்கள்.

இன்னொரு புத்தகத்தின் அட்டையைப் பார்த்ததும் மாமி ஷைத்தான் படம் வீட்டில் இருந்தால் மலக்குகள் வரமாட்டார்கள் என்று சத்தம் போட்டார்கள். பிரவுன் தாள் போட்டு மூடிவிட்டேன். ஒவ்வொருவரும் வேறொரு ஆளாகத் தம்மை நினைத்துக்கொண்டு, அந்த ஆள் என்ன பேசுவான், என்ன செய்வான் என்று சொல்லிப் பகடை உருட்டி ஆடுகிற ஆட்டம் அது. ஒருத்தர் கதையை நடத்த வேண்டும். என் கருத்து: நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நூறு பக்கம் விதி எழுதியவருக்கு வீட்டில் வேறு வேலை இல்லை போலிருக்கிறது.

இனி என் விஷயம். கால்பந்துப் புத்தகத்தை நான் தமிழில் வாசித்துச் சொன்னதைக் கேட்ட ஏசுவடியான் சார், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர் வேலையை விட்டுப் போகிறார், ஜூனில் அந்த இடத்துக்கு வருகிறாயா என்று கேட்டார். ஹெட்மிஸ்ட்ரஸிடமும் சொல்லிவிட்டாராம். எனக்குப் போக வேண்டும் என்று இருக்கிறது மச்சான். நடந்து போகிற தூரம், பிள்ளைகள் எல்லாம் பெண்பிள்ளைகள். மாமியிடம் கேட்டேன். "அவன் எழுதட்டும்ட்டி, அவன் சொன்னா போ" என்கிறார்கள். நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும்.

பதிலை எதிர்பார்க்கிறேன்.
மகபூப் பீவி

786

தம்மாம்
2-4-1982

அன்புள்ள மகபூப் பீவிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நலம். நலமறிய ஆவல்.

உன் கடிதம் வந்தது. நான் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல மேடம் தானே சீட்டில் எழுதி, பலகையில் நடுவாக ஒட்டிவிட்டார். பாட்டுப் பாடாத சடுகுடு என்பதை விளக்குவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. மூச்சை அடக்கிக்கொண்டு நானே அறைக்குள் சடுகுடு சொல்லி ஓடிக் காட்டினேன். கிளப் முழுக்கச் சிரிப்பு. இப்போது என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் உன் ஊரில் அடுத்து என்ன சொன்னார்கள் என்று கேட்கிறார்கள். இத்தனை வருஷத்தில் என் பெயரைச் சொல்லி இவர்கள் கூப்பிடுவது இப்போதுதான்.

அது அமெரிக்காக் கால்பந்தாம், வேறு வகையாம். பந்து நீளமாக இருப்பது கக்கத்தில் இடுக்குவதற்குத் தோதாக என்று மேடம் சொன்னார். உம்மாவிடம் சொல்.

இப்போது கூடைப்பந்துப் புத்தகம் ஒன்று தந்திருக்கிறார். அனுப்புகிறேன். இந்தத் தடவை கருத்துகளைக் கொஞ்சம் விரிவாக எழுது. அந்தப் பூதப் புத்தகத்தை ஆடிப் பார்த்துத்தான் கருத்துச் சொல்ல வேண்டும் என்கிறார் மேடம். அதற்கு இருபது பக்கம் உள்ள பகடை வேண்டுமாமே, அங்கே என்ன செய்வாய்?

உம்மாவுக்குத் தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன், வாசித்துக் காட்டு.

வஸ்ஸலாம்.
யாகூப்

786

சங்கரன்கோவில்
1-5-1982

பாசமுள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லாரும் சுகம். வெயில்தான் ஆளைக் கொல்லுகிறது.

உங்கள் கடிதத்தை முன்னும் பின்னும் படித்தேன். கவரைக் கிழித்து உட்பக்கமும் பார்த்தேன். நான் கேட்டதற்குப் பதில் இல்லை. பந்து ஏன் நீளம் என்று மாமி கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது. நான் கேட்டதுதான் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கிறது.

சரி, மேடத்துக்குக் கருத்து வேண்டுமே. எழுதுகிறேன்.

கூடைப்பந்துப் புத்தகத்தை ஏசுவடியான் சாருக்கு நான்தான் வாசித்துச் சொல்கிறேன். அவர் கருத்து: "புஸ்தகம் எழுதுனவரு மரப்பலகை போட்ட தரையில நின்னு எழுதியிருக்காரு. நம்ம பள்ளிக்கூடத்துல இருக்கது கரிசல். மழ பேஞ்சா பந்து தரைய விட்டு எந்திரிக்காது, அப்பிக்கிடும். அதுக்கு என்ன செய்யணும்னு ஒரு பக்கம் எழுதியிருந்தா அவரு கெட்டிக்காரரு."

அந்தப் பூதப் புத்தகத்தை மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் ஆட ஆரம்பித்திருக்கிறோம். நான் ஆட்டத்தை நடத்துகிறேன். ஆமினாள், சுந்தரம்மாள் இரண்டு பேரும் ஆடுகிறார்கள். ஆமினாளைத் தெரியுமல்லவா, கிணற்றடி வீட்டுக்காரி, அவள் மாப்பிள்ளையும் உங்களைப் போல வெளிநாட்டில்தான், தோகாவில் இருக்கிறார். பகடை சூது என்று மாமி தடுத்தார்கள். பந்தயம் வைக்காவிட்டால் சூது இல்லை என்று ஆமினாள் வாதாடி, கடைசியில் மாமியையும் இழுத்து உட்கார வைத்துவிட்டாள். மாமி ஒரு திருடியாக ஆடுகிறார்கள். தொழுகைப் பாயிலிருந்து எழுந்து வந்து, அரண்மனைப் பூட்டை எப்படி உடைப்பேன் என்று சொல்லுகிற அழகை நீங்கள் பார்க்க வேண்டும்.

இருபது பக்கப் பகடைக்கு எங்கே போக. பித்தளைத் தாயக்கட்டையை எடுத்துவைத்தோம். தாயக்கட்டையைக் கையில் எடுத்ததும் எல்லாருக்கும் பழைய புத்தி வந்துவிட்டது. "தாயம் விழாம எவளும் வீட்டை விட்டு எறங்கக்கூடாதுல்லா" என்றாள் சுந்தரம்மாள். அப்படி ஒரு விதி அந்தப் புத்தகத்தில் எங்கேயும் கிடையாது. சொல்லிப் பார்த்தேன், எவள் கேட்கிறாள். முதல் வாரம் முழுக்க ஒருத்திக்கும் தாயம் விழவில்லை. குகை, புதையல், பூதம் எல்லாம் வெளியே காத்துக் கிடக்க, மூன்று பேரும் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து சோறு பொங்கினார்கள். ஆமினாளின் கருத்தை எழுதச் சொன்னாள்: "ஆட்டத்துலயும் வீடுதானா."

இப்போது எல்லாருக்கும் தாயம் விழுந்து இறங்கிவிட்டார்கள். உங்களுக்கும் ஒரு ஆளை வைத்திருக்கிறேன், ஒரு போர்வீரன். உங்களுக்கு நான் உருட்டியபோது எடுத்த எடுப்பில் தாயம் விழுந்தது. ஊரில் இல்லாதவருக்கு எதற்கு ஆள் என்று சுந்தரம்மாள் கேட்டாள். புத்தகத்தில் அதற்கு வழி இருக்கிறது. முறை வந்தும் ஆடுகிறவர் வாயைத் திறக்காவிட்டால் ஆட்டத்தை நடத்துகிறவர் அவருக்காகப் பேசலாம், பேசினால் அது அவரே பேசியதாகும் என்று போட்டிருக்கிறது. ஆனாலும் உங்களைக் கேட்டுச் செய்வதுதான் மரியாதை. இப்போது உங்கள் ஆள் ஒரு பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்கிறான். என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள்.

அப்படியே நான் ஜூனில் பள்ளிக்கூடம் போகலாமா என்றும் எழுதுங்கள். இது ஆட்டம் இல்லை.

மகபூப் பீவி

786

தம்மாம்
24-5-1982

அன்புள்ள மகபூப் பீவிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நலம்.

கரிசல் மண்ணில் பந்து எழும்பாது என்ற கருத்தை மேடம் சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கிறார். இங்கே கூடைப்பந்து ஆடுகிற பையன்கள் எல்லாம் கரிசல் என்றால் எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்டு உயிரை எடுக்கிறார்கள். உம்மா திருடியாக ஆடுவதைச் சொன்னதும் மேடம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். உம்மாவுக்கு அவர் சலாம் சொன்னார்.

என் ஆள் கதவைத் திறக்க வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் எதற்கு வம்பு. கொஞ்சம் நிற்கட்டும், மற்றவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

நீ கேட்டிருந்த மற்ற விஷயம் பார்ப்போம். அவசரம் ஒன்றும் இல்லை.

தாயம் விழுந்தால்தான் இறங்கலாம் என்ற விதியை மேடம் ரொம்ப ரசித்தார். அதை யார் கண்டுபிடித்தது, எத்தனை வருஷமாக இருக்கிறது என்று விவரமாக எழுதச் சொல்கிறார். போன தடவை கருத்துகள் இரண்டுதான் இருந்தன. இந்தத் தடவை நாலைந்தாவது வேண்டும்.

உம்மாவுக்குத் தாள் வைத்திருக்கிறேன்.

வஸ்ஸலாம்.
யாகூப்

786

சங்கரன்கோவில்
18-6-1982

மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். சுகம்.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. இங்கிலீஷ் டீச்சர் நாற்காலி காலியாக இருக்கிறது. இரண்டு வகுப்புப் பிள்ளைகளை ஒன்றாக மைதானத்தில் விட்டுக்கொண்டு ஏசுவடியான் சார் எனக்காக ஹெட்மிஸ்ட்ரஸிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறார். "எம்மா, ஒங்க வீட்டுக்காரரு லெட்டர் வந்துட்டா" என்று தெருவில் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார். எனக்கு முகம் கொடுக்க முடியவில்லை. தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலில் நிற்பதை விட்டுவிட்டேன்.

உங்கள் ஆள் வாசலில் நிற்கிறான். மற்றவர்கள் ஜன்னல் வழியாக உள்ளே போய்ப் பூதத்தைக் கொன்று, புதையலை எடுத்து, வேறு ஊருக்கே போய்விட்டார்கள். அவன் மட்டும் அந்தக் கதவுக்கு முன்னால் நிற்கிறான். "ஒங்க மச்சானுக்குக் கால் கடுக்காதாக்கா" என்று சுந்தரம்மாள் கேட்கிறாள். ஆமினாள் சிரிப்பதைப் பார்த்தால் எனக்கு எரிகிறது.

பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதுங்கள். அதையாவது தாங்கிக்கொள்வேன். பார்ப்போம் என்றால் யார் பார்ப்பது, எதைப் பார்ப்பது?

கருத்து ஒன்றும் இல்லை.

மகபூப்

786

தம்மாம்
20-7-1982

அன்புள்ள மகபூப் பீவிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு நல்லபடியாகப் போகிறது. பெருநாள் நெருங்கிவிட்டது. உங்கள் இருவருக்கும் பெருநாள் வாழ்த்து.

கருத்து ஒன்றும் இல்லை என்று ஒரு வரியில் எழுதினால் நான் மேடத்திடம் என்ன சொல்வது? வாரம் தவறாமல் கேட்கிறார். பலகையின் நடுவில் இடத்தைக் காலியாக வைத்திருக்கிறார். நோன்பு மாதம், வீட்டில் வேலை அதிகம் என்று சொல்லிச் சமாளித்திருக்கிறேன். இந்த வேலை மேடம் மனசு வைத்ததால் கிடைத்தது என்பதை நீ மறக்கக்கூடாது. திரும்ப வெயிலுக்கு அனுப்பினால் உனக்குத்தான் வருத்தமாக இருக்கும்.

பள்ளிக்கூட விஷயம். இங்கே ரூமில் எங்களோடு இருப்பவர்கள் எல்லாம் நம் பக்கத்து ஆட்கள். ஊர்ச் சேதி இங்கே இரண்டு வாரத்தில் வந்துவிடும். யாகூப் சவூதியில் இருந்தும் பெண்டாட்டி வேலைக்குப் போகிறாளா என்று ஒருத்தன் கேட்டால் நான் தலையைத் தொங்கப்போட வேண்டும். இதைச் சொல்ல எனக்கே ஒரு மாதிரியாக இருக்கிறது. நீ படித்தவள், உன்னைத் தடுக்கிறேன் என்று நினைக்காதே. ஹஜ்ஜுப் பெருநாளும் கழியட்டும், பிறகு பார்ப்போம்.

உம்மாவுக்குத் தாள் வைத்திருக்கிறேன். அவசியம் வாசித்துக் காட்டு. கருத்தும் அவசியம்.

வஸ்ஸலாம்.
யாகூப்

786

சங்கரன்கோவில்
14-8-1982

மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். மாமி சுகம், நானும் சுகம். ஆடித்தபசுக் கூட்டம் இப்போதுதான் கலைந்து தெரு சரியாயிருக்கிறது.

நீங்கள் கேட்ட கருத்தை முதலில் எழுதிவிடுகிறேன். அந்தப் பூதப் புத்தகத்தைப் பற்றி இது. நான் படித்ததிலேயே உபயோகமான புத்தகம் அது. எப்படி என்று சொல்லுகிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று, மாமிக்கு வைத்திருந்த தாளை வாசித்துக் காட்ட உட்கார்ந்தேன். அதில் நீங்கள் எழுதியிருந்தது எனக்கு மனப்பாடம். நோன்பு வைத்தீர்களா, முட்டு எப்படி இருக்கிறது, இங்கே ஏ.சி.யில் சளி பிடித்துக்கொள்கிறது, மேடம் சலாம் சொன்னார். அவ்வளவுதான். அதை வாசித்து முடித்தேன். மாமி வெற்றிலையை மடித்துக்கொண்டே, "வேற ஒண்ணும் எழுதலையாட்டி" என்று கேட்டார்கள்.

உங்களுக்கு நான் மூன்று தடவை முறை கொடுத்துவிட்டேன். நீங்கள் வாயைத் திறக்கவில்லை. புத்தகத்தில் விதி இருக்கிறது. அதனால் உங்களுக்காக நான் பேசினேன்.

தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வாசித்தேன்: "உம்மா, மகபூ பள்ளிக்கூட வேலைக்குப் போகட்டும். அவள் படித்த படிப்பு வீணாகக் கூடாது. ரூமில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் தடுக்க வேண்டாம்."

நாக்கு ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. அத்தனை நாள் ஆட்டத்தை நடத்திய பழக்கம். பூதமாகப் பேசியிருக்கிறேன், ராஜாவாகப் பேசியிருக்கிறேன், உங்களாகப் பேசுவதா பெரிய காரியம்?

மடித்த வெற்றிலையை மாமி தட்டில் வைத்தார்கள். "அந்த எடத்த இன்னொருக்கா வாசிட்டி" என்றார்கள். இன்னொரு தடவையும் அதே வார்த்தைகளைச் சொன்னேன். "சரி. அவனே சொல்லிட்டாம்லா. போயிட்டு வா" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார்கள்.

திங்கட்கிழமையிலிருந்து பள்ளிக்கூடம் போகிறேன். பிள்ளைகள் என்னைச் சுற்றி நின்று, டீச்சர் வீட்டில் பூதப் புத்தகம் இருக்கிறதாமே என்று கேட்கிறார்கள். ஏசுவடியான் சார் சொல்லியிருப்பார்.

நான் செய்தது பொய்தான். பொய் இல்லை என்று சாதிக்க மாட்டேன். ஆனால் உங்களிடம் மறைக்கவும் மாட்டேன், அதனால்தான் எழுதிவிட்டேன். வேண்டாம் என்றால் மாமிக்குத் தாளில் எழுதுங்கள். அதையும் நான்தான் வாசிக்க வேண்டும். ஒரு எழுத்து மாறாமல் வாசிப்பேன், அல்லாஹ் மீது ஆணை.

மகபூப் பீவி

786

தம்மாம்
6-9-1982

மகபூப் பீவிக்கு.

கடிதம் கிடைத்தது. என் பெயரைச் சொல்லி, என் உம்மாவிடம், நான் எழுதாததை வாசித்திருக்கிறாய். நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. ரூமில் யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. எதைச் சொல்வேன்?

இனி உம்மாவுக்கு நான் தாள் வைக்கப்போவதில்லை. கேசட்டில் பேசி அனுப்புகிறேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்திருக்கிறேன். உன் கையில் படாமல் நேராக உம்மாவிடம் கொடுத்து, அவரே டேப்ரெக்கார்டரில் போட்டுக் காட்டச் சொல்லியிருக்கிறேன். நான் என்ன சொல்கிறேன் என்பதை உம்மா என் வாயாலேயே கேட்டுக்கொள்ளட்டும்.

மேடத்திடம் கருத்து எதுவும் கொடுக்கவில்லை. அந்தக் கருத்தை நான் எப்படிக் கொடுப்பேன்?

யாகூப்

786

சங்கரன்கோவில்
5-10-1982

பாசமுள்ள மச்சானுக்கு மகபூப் பீவி எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும்.

பெருநாள் நல்லபடியாகக் கழிந்தது. மாமி சுகம். நான் இருக்கிறேன்.

உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து அந்தக் கேசட்டை நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே நிற்பேன், பிள்ளைகள் கூப்பிட்டால்தான் நினைவு வரும். நாளைக்கு மாமி போகாதே என்று சொல்லிவிட்டால் இந்தப் பிள்ளைகளிடம் என்ன சொல்லிவிட்டுப் போவது என்று யோசித்துக்கொண்டிருப்பேன். ஹெட்மிஸ்ட்ரஸிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

கேசட் கொண்டுவந்தவர் பெருநாளுக்கு மறுநாள் மத்தியானம் வந்தார். நீங்கள் சொன்னபடியே என்னைத் தாண்டிப் போய் மாமி கையில் கொடுத்தார். டேப்ரெக்கார்டரும் அவரே கொண்டுவந்திருந்தார். பேசும் பெட்டி வந்திருக்கிறதென்று ஆமினாளும் சுந்தரம்மாளும் ஓடிவந்து உட்கார்ந்துவிட்டார்கள். நான் அடுக்களை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முதலில் ஸலாம் சொன்னீர்கள். மாமி டேப்ரெக்கார்டரைப் பார்த்து வ அலைக்கும் ஸலாம் என்றார்கள். முட்டுவலி கேட்டீர்கள். சாப்பாட்டைப் பற்றிச் சொன்னீர்கள். அப்புறம் ஏ.சி. மிஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. கேசட் அறுந்துவிட்டதோ என்று வந்தவர் எட்டிப் பார்த்தார். நான் யாஸீன் ஓத ஆரம்பித்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் சொன்னீர்கள். "உம்மா, மகபூ வேலைக்குப் போறதப் பத்தி." திரும்பவும் ஏ.சி. சத்தம். "கடுதாசில நான் எழுதியிருந்தம்லா. அதான். அதுக்கு மேல சொல்லதுக்கு ஒண்ணுமில்ல."

உங்கள் குரலில் கோபம் இருந்தது. எனக்குத் தெரியாமல் போகுமா. அந்தக் கோபத்தோடுதான் சொன்னீர்கள், இருந்தாலும் சொன்னீர்கள். என்னைக் காட்டிக்கொடுக்க அவ்வளவு தூரம் கேசட்டை அனுப்பி, கடைசியில் அதே கேசட்டில் என் பொய்யை உங்கள் பேச்சாக எடுத்துக்கொண்டீர்கள். நிலைப்படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். தூசி விழுந்துவிட்டது என்றேன். சுந்தரம்மாள் நம்பினாள்.

கடைசியில் சொன்னதும் கேட்டது. "மகபூ, இனிமே என் ஆள நீ ஆடாத. நானே ஆடிக்கிடுதேன்." வந்தவருக்கு ஒன்றும் புரியவில்லை, யார் அந்த ஆள் என்று கேட்டார். ஆமினாள் அவருக்கு விளக்கப்போய், அவர் காபியைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டார். தம்மாமில் போய் என்ன சொல்லப்போகிறாரோ, தெரியாது.

எல்லாரும் போன பிறகு மாமியிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நீங்கள் எனக்காக உம்மாவிடம் பொய் சொல்லியிருக்கிறீர்கள், அதை நான் சுமக்க வேண்டாம் என்று தோன்றியது. நான் வாயெடுப்பதற்கு முன்னால் மாமி சொன்னார்கள்:

"தெரியும்ட்டி. அன்னைக்கி நீ வாசிச்சப்பவே தெரியும். எம்மவன் பொறந்ததுலருந்து ஒரு விஷயத்த ஆமாம்னோ இல்லன்னோ அம்புட்டு வெட்டா சொன்னதே கெடையாது. அதான் இன்னொருக்கா வாசின்னேன். ரெண்டாவது மட்டமும் மாத்தாம சொன்ன பாரு, சரி, இவ போவட்டும்னு விட்டுட்டேன்."

"பெறவு ஏன் மாமி அவுஹ சொன்னாத்தான் போவணும்னிய" என்று கேட்டேன்.

"எவனாவது கேட்டா சொல்லதுக்கு ஒருத்தன் பேரு வேணும்லாட்டி. நானா அனுப்புனேன்னா இந்தத் தெரு என்னைய விடுமா. அவன் சொன்னான்னா ஒரு பய வாயத் தொறக்க மாட்டான்." அப்புறம் டேப்ரெக்கார்டர் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு, "இப்ப நெசமாவே சொல்லிட்டான். எங்கன இருந்து தைரியம் வந்துதோ" என்றார்கள்.

மச்சான், மேடத்தின் பலகைக்கு மாமியின் கருத்தை அனுப்புகிறேன். இதைத் தயங்காமல் கொடுங்கள். "அட்டையில இருக்க படம் மட்டும் கூடாது. மத்தபடி நல்ல புஸ்தகம். வாய் பேசாத ஆம்பளைக்கு ஒண்ணு வாங்கி அனுப்பலாம்."

என் கருத்தும் ஒன்று இருக்கிறது. உங்கள் ஆளை இனி நான் தொடமாட்டேன். நீங்கள் கேட்டபடியே விட்டுவிட்டேன். ஆனால் நீங்கள் ஒன்றை யோசிக்கவில்லை. நானே ஆடிக்கொள்கிறேன் என்றால் எதிரில் உட்கார்ந்து ஆட வேண்டும். ஒரு தடவை உருட்டியதற்கு மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தால் அதற்குப் பெயர் ஆட்டம் இல்லை. அந்தப் புத்தகத்தை இன்று முழுக்கப் புரட்டிப் பார்த்துவிட்டேன். வர முடியாதவருக்கு மற்றவர் ஆடலாம் என்று இருக்கிறது. தபாலில் ஆட வழி எங்கேயும் இல்லை.

நாலு வருஷமாகிறது. வரும் நோன்புக்காவது லீவு கேளுங்கள். வருகிறேன் என்று எழுதுங்கள், அல்லது முடியாது என்று எழுதுங்கள். பார்ப்போம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். இந்தத் தடவை உங்களுக்காக நான் பேச முடியாது, நீங்களே வேண்டாம் என்றுவிட்டீர்கள்.

உங்கள் ஆள் இன்னமும் அந்த வாசலிலேயே நிற்கிறான். கதவுக்கு உள்ளே ஒன்றும் பயப்படும்படியாக இல்லை. அது பூட்டியிருக்கவும் இல்லை, நான்தான் முதலில் அப்படிச் சொல்லிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏ.சி.க்கு நேராகப் படுக்க வேண்டாம்.

வஸ்ஸலாம்.
உங்கள் மகபூப் பீவி